வடிகாலும் பாசனம்தான்: பாசனப் பொறியாளருக்கும் சாலை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதியின் பாசனப் பொறியாளர் அவர்களுக்கும், எங்கள் ஊர்ச் சாலையை உயர்த்திப் போட்ட துறையின் அலுவலர்களுக்கும், நில அளவைப் பதிவேடுகளைக் கையில் வைத்திருக்கும் வருவாய் அலுவலர்களுக்கும்:

எங்கள் வயல்பத்தின், அதாவது ஒன்றாகக் கிடக்கும் வயல் தொகுதியின், வடிகால் ஓடை சாலைக்கு அடியில் அடைபட்டு வயலில் தண்ணீர் நிற்கிறது என்று நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. சாலைக்கு அடியில் போட்டிருக்கும் குழாய் போதுமானது, வயலில் தண்ணீர் நின்றதற்குக் காரணம் அதிக மழை, இந்தக் கோடையில் பாசனக் கால்வாயான சானலின் இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டப் போகிறோம், வடிகால் ஓடை வேலைப் பட்டியலில் இல்லை. சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பதில் இவ்வளவுதான். இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்னொரு மனு எழுதி இன்னொரு மேஜையில் வைப்பதைவிட எல்லாரும் படிக்கும்படி எழுதுவது நல்லது என்று தோன்றியது, ஏனென்றால் இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை தாழ்ந்த வயல் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே வேறு ஊர்ப் பெயரோடு சொல்வார்கள்.

ஓடை போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் எழுதியவர் அந்த இடத்தில் வந்து நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. மேற்கே இருக்கும் குளம் நிறைந்தால் அதன் கலுங்கு என்ற வழிவாயிலிருந்து மிஞ்சிய மறுகால் தண்ணீர் இறங்கி வரும். சானல் மடையிலிருந்து வயலுக்குப் பாய்ந்து, மேல வயலிலிருந்து கீழ வயலுக்கு வரப்பில் வெட்டிய வாமடை வழியாக இறங்கி இறங்கி, கடைசியில் மிஞ்சும் தண்ணீரும் அதோடு சேரும். இரண்டும் சேர்ந்து பத்தின் தாழ்ந்த ஓரமாகவே ஓடி, ஊர்ச் சாலைக்கு அடியில் புகுந்து, ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு பழையாற்றில் விழும். விழுகிற இடத்துக்குக் கீழே ஒரு தடுப்பணை. அதில் தேங்கும் தண்ணீர் அடுத்த ஊர்க்காரர்களின் கால்வாய்க்குப் போகும்.

சாலைக்கு அடியில் முன்பு கல்பாலம் இருந்தது. இரண்டு பக்கமும் கருங்கல் கட்டு, மேலே கல்பலகை, இடையில் 8 அடி அகலம், 4 அடி உயரம். சாலையை அகலப்படுத்தி உயர்த்தியபோது அதை இடித்துவிட்டு 2 அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாய் இரண்டைப் புதைத்து மேலே மண் நிரப்பித் தார் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான்: பழைய பாலத்தில் தண்ணீர் போக 32 சதுர அடி வழி இருந்தது, இப்போது இரண்டு குழாயும் சேர்ந்து ஆறேகால் சதுர அடி. ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இதைத்தான் போதுமானது என்று எழுதியிருக்கிறீர்கள்.

வழி சுருங்கியதைவிடப் பெரிய தவறு குழாயை வைத்த மட்டம். குழாயின் அடி ஓடைத் தரைக்கு ஒரு முழம் மேலே இருக்கிறது. எங்கள் பத்தில் மிகத் தாழ்ந்த வயல்களின் தரையோ ஓடைத் தரையைவிட ஒரு சாண்தான் உயரம். அப்படியென்றால் குழாயில் ஒரு துரும்புகூட அடைக்காமல் பளிச்சென்று இருந்தாலும், அந்த வயல்களில் ஒரு சாண் தண்ணீர் எப்போதும் நிற்கும், அது வடிய உலகத்தில் வழியே கிடையாது. வெயிலில் சாலை காய்ந்து தூசி பறக்கும் நாட்களிலும் போய்ப் பாருங்கள். குழாயின் மேற்குப் பக்கம் தண்ணீர் அசையாமல் கறுத்து நிற்கும், கரையோரம் நத்தை முட்டை ஒட்டியிருக்கும், குழாய் வாயில் ஆகாயத்தாமரையும் தேங்காய் மட்டையும் பிளாஸ்டிக் பாட்டிலும் சிக்கியிருக்கும். சாலையைக் கடந்து கிழக்குப் பக்கம் போனால் அதே ஓடைக்குள் இறங்கி நின்று ஆட்டுக்குப் புல் அறுக்கிறார்கள்.

தண்ணீர் நின்றால் நெல்லுக்கு என்ன கேடு, நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே என்று ஒரு அலுவலர் நேரிலேயே என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வயலில் இறங்காதவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நெல்லுக்குத் தேவை காய்ச்சலும் பாய்ச்சலும். தூர் கட்டும் காலத்தில் கொஞ்சம் வடித்துக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால்தான் வேர் இறங்கும், தூர் வெடிக்கும். யூரியா போடும் முன்பு தண்ணீரை வடிக்க வேண்டும், வடிக்காமல் போட்டால் போட்டது தண்ணீரோடு போய்விடும். அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் வயலை முழுக்க வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அறுப்பு எந்திரம் இறங்காது. இந்த மூன்றும் எங்கள் தாழ்ந்த வயல்களில் இப்போது நடப்பதில்லை.

எங்கள் பக்கத்து மண் செம்மண் மேட்டிலிருந்து இறங்கி வந்த மண், இரும்புச் சத்து அதிகம். அது வடியாமல் நின்றால் தண்ணீரின் மேல் துரு நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். எண்ணெய் என்று நினைத்துச் சிலர் சண்டைக்குப் போனார்கள், பம்புசெட்டிலிருந்து டீசல் சிந்தியிருக்கிறது என்று. ஒரு குச்சியால் தொட்டால் தெரிந்துவிடும்: எண்ணெய் என்றால் விலகிப்போய் மறுபடி ஒன்றுசேரும், இது தகடு தகடாக உடைந்து அப்படியே பிரிந்து நிற்கும். இரும்பு ஊறிய தண்ணீர். அந்த வயலில் நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இருக்காது, துருப்பிடித்த கம்பி மாதிரி செம்பழுப்பாக, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அடி இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். இதற்கு உரக்கடையில் மருந்து கேட்டால் ஏதோ ஒரு டப்பாவைத் தருவார்கள், ஆனால் இதற்கு முதல் மருந்து வடிகால்தான், அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கள் ஊரில் ஒரு நெல் போகத்தைப் பூ என்போம், முதல் போகம் கன்னிப்பூ, இரண்டாவது கும்பப்பூ. போன கன்னிப்பூ அறுப்பின்போது நடந்ததைச் சொல்கிறேன். அம்பை 16 ரக நெல் போட்டிருந்தோம். கதிர் நன்றாகப் பிடித்து, முற்றி, சாய ஆரம்பித்த நேரத்தில் மழை. மேட்டு வயல்காரர்களுக்கு இரண்டு நாளில் வடிந்துவிட்டது, அவர்கள் டயர் வைத்த அறுப்பு வண்டியை இறக்கி அறுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் இறங்கவே இல்லை. வெளி மாவட்டத்திலிருந்து எந்திரத்தோடு வந்த டிரைவர் தம்பி வரப்பில் நின்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல வண்டிய எறக்கினா நானும் வண்டியும் இங்கதான் கெடக்கணும், பெல்ட் வண்டிக்குச் சொல்லுங்க" என்றார். சேற்றில் இறங்கும் பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல், அதுவும் அந்த நேரத்தில் எல்லாரும் கேட்பார்கள், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நாட்களில் சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது. கதிரை எடுத்துக் கையில் பிடித்தால் மணியிலிருந்து வெள்ளை முளையும் பச்சை இலை நுனியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நெல்லை வியாபாரி பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. வைக்கோலும் அழுகிப்போனது, மாட்டுக்குக்கூட ஆகவில்லை.

அத்தோடு முடியவில்லை. கன்னிப்பூ அறுப்பு தள்ளிப்போனால் கும்பப்பூவுக்கான உழவு தள்ளிப்போகும். உழவு தள்ளிப்போனால் நடவு வடகிழக்கு மழையின் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும், நட்ட நாற்று வேர் பிடிக்கும் முன்பே மூழ்கும். எங்கள் மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை என்று இரண்டு மழை. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளியில்தான் ஒரு பூவை அறுத்து அடுத்த பூவை வைக்க வேண்டும். வடிகால் ஒரு வாரம் தாமதப்படுத்தினால் இரண்டு பூவும் கெடும். இது உங்கள் கோப்பில் "பயிர்ச் சேதம்" என்று ஒரு சொல்லாக மட்டும் இருக்கும்.

சரி, அதிக மழை என்ற காரணத்துக்கு வருகிறேன். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2021 நவம்பரில் சானல்கள் உடைந்து வயல்பத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. அந்த இரண்டு தடவையும் எங்கள் வயலுக்கும் தண்ணீர் வந்தது, நாசமும் செய்தது, ஆனால் மழை விட்டதும் கல்பாலம் வழியாக இரைச்சலோடு இறங்கிப் போய்விட்டது. அந்த இரைச்சல் ஊருக்கே கேட்கும். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் முழுக்க வெள்ளம் வந்ததையும் பார்த்தோம். இனி மழை இப்படித்தான் வரும், கொட்டினால் மொத்தமாகக் கொட்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், நீங்களும் கூட்டங்களில் சொல்கிறீர்கள். அப்படியென்றால் தண்ணீர் போகும் வழியைப் பெரிதாக்க வேண்டியதுதானே முறை? மழை அதிகமாகும் காலத்தில் வழியை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டு மழையின் மேல் பழியைப் போடுவது நியாயம் இல்லை.

இந்த மாவட்டத்தின் பாசனம் எப்படி அமைந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வடிகால் பட்டியலில் இல்லை என்று எழுதும்போது அதை யாரோ மறந்திருக்கிறார்கள். பரளியாற்றுத் தண்ணீரைப் பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுப் பக்கம் திருப்பியது பழங்காலத்து வேலை. 1906ல் பேச்சிப்பாறை அணை முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பகுதியிலேயே இருக்கிறது, இன்றும் அவரை மரியாதையோடு நினைக்கும் விவசாயிகள் உண்டு. பிறகு பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் வந்தன. தோவாளைச் சானல், அனந்தனாறு, நாஞ்சில்நாடு புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று தண்ணீரைக் கொண்டுவரும் வழிகள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு, நீளம் உண்டு, பதிவேடு உண்டு, அலுவலர் உண்டு. ஜூன் மாதம் அணையைத் திறக்கும்போது பூத்தூவிப் படம் எடுத்துப் பத்திரிகையிலும் வரும். அந்தத் தண்ணீர் வயலில் வேலையை முடித்துவிட்டு வெளியே போகும் வழிக்கு மட்டும் பெயரும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை.

ஆனால் வெளியே போகும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நாஞ்சில்நாட்டில் பாதி ஊர் பயிர் வைக்கிறது. பழையாற்றின் குறுக்கே இருக்கும் அணைகளைப் பாருங்கள்: சோழன்திட்டை, சபரி, குமரி, பிள்ளைபெத்த அணை, மிஷன் அணை என்று வரிசையாக இருக்கின்றன. சுருளகோட்டிலிருந்து மணக்குடிக் காயல் வரைக்கும் ஒரு சின்ன ஆற்றில் இத்தனை அணை கட்டியவர்கள், மேலே ஒரு பத்தில் வடியும் தண்ணீரைக் கீழே பிடித்து இன்னொரு பத்துக்குப் பாய்ச்சலாம், அங்கே வடிவதை இன்னும் கீழே பிடிக்கலாம் என்ற கணக்கோடு கட்டியிருக்கிறார்கள். எங்கள் வடிகால் கீழூர்க்காரர்களின் வாய்க்கால். அதை அடைத்தால் ஒரே மண்ணில் மேலே வெள்ளமும் கீழே வறட்சியும் ஒன்றாக வரும்.

வந்தும்விட்டது. எங்கள் வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற அதே நேரத்தில் பாசனத்தின் கடைசி வயல்களான கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று கீழூர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். உடனே அணையிலிருந்து கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். கூடுதல் தண்ணீர் சானலில் வந்து, மேட்டு வயல்களில் பாய்ந்து, வடிந்து, எங்கள் வயலில் வந்து நின்றது. கீழூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து, நீங்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார். குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இது எங்க வயித்துலயும் அடிச்சுருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவரும் மனுவில் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஊரும் சேர்ந்து கொடுத்த அந்த மனுவுக்குத்தான் ஓடை பட்டியலில் இல்லை என்ற பதில்.

சானலுக்குக் கான்கிரீட் சுவர் கட்டுவதை நான் முழுக்க எதிர்க்கவில்லை. கரை அடிக்கடி உடையும் இடம், வளைவில் அரிக்கும் இடம், வீடுகளை ஒட்டிய இடம், அங்கெல்லாம் கட்டத்தான் வேண்டும். ஆனால் நீளம் முழுவதும் இரண்டு பக்கமும் மூடிக் கட்டினால் மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் சானலுக்குள் இறங்கிய இடங்கள் அடைபடும், அந்தத் தண்ணீர் சுவருக்கு வெளியே தேங்கி வேறு வழி தேடித் தாழ்ந்த வயலுக்குத்தான் வரும். சானல் ஓரத்துக் கிணறுகளில் ஊற்றும் குறையும். போன தடவை இன்னொரு கிளைச் சானலில் சுவர் கட்டியபோது வயல் மடைகளின் பழைய மட்டத்தைப் பார்க்காமல் ஒரே அளவில் துளை விட்டுவிட்டார்கள், சில வயலுக்கு ஏறவே இல்லை, சில வயலுக்கு அடைக்க முடியவில்லை. கட்டும் முன்பு அந்த வயல்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

தூர்வாருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்திரம் வந்து வாருகிறது, நல்லது. வாரிய மண்ணை அங்கேயே கரையில் குவித்துவிட்டுப் போகிறார்கள். அந்த மண்மேடு வயலிலிருந்து ஓடைக்கு வடியும் வாமடைகளை மூடிவிடுகிறது, அடுத்த மழையில் பாதி மண் திரும்பவும் உள்ளேயே இறங்கிவிடுகிறது. எங்கள் பாட்டா காலத்தில் பூ தொடங்கும் முன்பு ஆளுக்கு இத்தனை முழம் என்று ஓடையைப் பங்கு போட்டு வெட்டுவார்கள், வெட்டிய வண்டலைக் கூடையில் சுமந்து தென்னை மூட்டில் போடுவார்கள், கரையில் ஒரு கட்டி மிஞ்சாது. இன்றைக்கும் நாங்கள் மண்வெட்டியோடு வரத் தயார். நூறு நாள் வேலையில் இந்த ஓடையைச் சேர்த்தால் ஊர்ப் பெண்களே சுத்தம் செய்துவிடுவார்கள், அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் சாலைக்கு அடியில் புதைத்த சிமெண்ட் குழாயை நாங்கள் மண்வெட்டியால் எடுக்க முடியாது.

ஓடை யாருடையது என்று கேட்டு அலைந்ததுதான் பெரிய வேதனை. சாலைப் பிரிவில் கேட்டால் தண்ணீர் விஷயம் பாசனப் பிரிவைச் சேர்ந்தது என்றார்கள். பாசனப் பிரிவில், எங்கள் கணக்கில் சானல்தான் இருக்கிறது, ஓடை வருவாய்த் துறையின் நிலம் என்றார்கள். வருவாய் அலுவலகத்தில், பராமரிப்பு ஊராட்சி பார்க்க வேண்டும் என்றார்கள். ஊராட்சியில் நிதி இல்லை. பழைய புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், அது தெளிவாக ஓடைப் புறம்போக்கு என்று கோடு போட்டு இருக்கிறது, நகல் என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ள அகலத்துக்கும் இன்று தரையில் இருக்கும் அகலத்துக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பு நகர்ந்திருக்கிறது, ஓரிடத்தில் மதிலே வந்துவிட்டது. 2007ல் வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஏரி குளங்களைப் பாதுகாக்க வந்தது, ஓடை அதில் வராது என்று ஒருவர் எனக்கு விளக்கினார். 2005ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு வழக்கில்தான் நீர்நிலைகளை அடையாளம் கண்டு பழைய நிலைக்குக் கொண்டுவர அரசுக்கு உத்தரவு போட்டது என்பதை அவருக்கு நான் நினைவுபடுத்தினேன். பதில் இல்லை.

எனக்கு உள்ளபடியே பயம் வருவது வேறொன்றில். இரண்டு மூன்று பூ தொடர்ந்து கெட்டால் வயல்காரர் நெல்லை விடுகிறார். வாழை வைக்கலாம் என்று பார்த்தால் வாழைக்கு மூட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், ஏத்தனும் மட்டியும் ஒரு வாரம்கூடத் தாங்காது. தென்னை வைத்தால் காய்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படியே தரிசாகப் போடுவார், கோரை முளைக்கும். அப்புறம் ஒரு நாள் லாரி வரும், மலையை உடைத்த செம்மண்ணைக் கொட்டும், கல் நடும். ஒரு வயல் உயர்ந்தால் அதற்கு மேற்கே உள்ள வயலின் வடிகால் அடைபடும், அவரும் விடுவார். கடைசியில் உங்கள் அலுவலகத்தில் இங்கே ஆயக்கட்டே (பாசன நிலமே) இல்லை, ஓடை எதற்கு என்று எழுதுவார்கள், அப்போது அது உண்மையாகவும் இருக்கும். இந்த மாவட்டத்தில் நெல் வயல் இவ்வளவு சுருங்கியதற்கு ரப்பரையும் வீட்டுமனையையும் எல்லாரும் சொல்கிறார்கள், அது சரிதான், ஆனால் வடியாமல் போனதால் கைவிட்ட வயல் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் பத்தில் மட்டும் நான் கண்ணால் பார்க்கிறேன், ஓடையை ஒட்டிய தாழ்ந்த வரிசைதான் முதலில் தரிசாகிறது, மேட்டு வரிசையில் இன்னும் நாற்று நிற்கிறது.

ஆற்றின் கீழ்ப்பக்கமும் இதோடு சேர்ந்தது. எங்களுக்குக் கீழே உள்ள தடுப்பணையின் ஷட்டர் மழைக்கு முன்பே உயர்த்தப்பட வேண்டும். அது துருப்பிடித்துக் கிடக்கிறது, திருகும் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்று அந்தந்த நேரத்தில் தேட வேண்டியிருக்கிறது. மணக்குடியில் பொழி, அதாவது ஆற்றின் முகத்துவாரம், மணல் மூடிக் கிடந்தால் ஆறு கடலுக்குள் இறங்காமல் பின்னுக்கு ஏறும். நாகர்கோவில் நகரத்துக் கழிவும் ஆகாயத்தாமரையும் ஆற்றை வேறு நிரப்பிவிட்டது. சுசீந்திரம், தேரூர் குளங்களை 2022ல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். அந்தக் குளங்களும் பறவைகளும் வாழ்வது சுற்றியுள்ள வயலில் தண்ணீர் வந்து போய்க்கொண்டிருப்பதால்தான், குளத்தை மட்டும் தனியாக வேலி போட்டுக் காப்பாற்ற முடியாது.

இவற்றில் எதையும் நாளைக்கே முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எது உங்கள் கையில் இருக்கிறதோ அதை மட்டும் கேட்கிறேன்.

முதல் கோரிக்கை சாலை அலுவலர்களுக்கு. அந்த இரண்டு குழாய்களையும் எடுத்துவிட்டு, ஓடைத் தரையின் மட்டத்திலேயே தளம் அமைத்து, பழைய கல்பாலத்தின் 8 அடிக்குக் குறையாத அகலத்தில் பாலம் கட்டுங்கள். அடுத்த கன்னிப்பூ அறுப்புக்கு முன்பு இது முடிய வேண்டும். அதுவரைக்கும் மழைக்காலத்தில் சாலையோரம் தற்காலிகமாக ஒரு வெட்டு விட்டு இரும்புத் தகடு போட்டுத் தாருங்கள், வண்டிகள் மெதுவாகப் போக நாங்களே ஆள் நிறுத்துகிறோம். இனிமேல் இந்த மாவட்டத்தில் வயலுக்குக் குறுக்கே எந்தச் சாலையை உயர்த்தினாலும், பாலத்தின் அகலமும் மட்டமும் பாசனப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகே முடிவாக வேண்டும், அந்தப் பத்தின் விவசாயிகளை நேரில் கேட்ட பிறகே அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

வருவாய் அலுவலர்கள் குளத்தின் கலுங்கிலிருந்து பழையாறு வரைக்கும் ஓடையைப் புலப்படத்தின்படி அளந்து கல் நட வேண்டும். மதில் கட்டியவர் யாராக இருந்தாலும், வரப்பை நகர்த்தியவர் என் உறவுக்காரராகவே இருந்தாலும், அளவு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பத்துக்குள் மண் நிரப்ப யாராவது அனுமதி கேட்டால், அந்த இடம் வடிகாலை அடைக்குமா என்று வயலில் நின்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

பாசனப் பொறியாளர் அவர்களிடம் கேட்பது: இந்தக் கோடை வேலைப் பட்டியலைத் திறந்து எங்கள் ஓடையைச் சேருங்கள். சுவர் கட்டும் நீளத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கிளைச் சானலின் பதிவேட்டிலும் அந்தச் சானலின் தண்ணீர் எந்த ஓடையில் வடிகிறது என்று ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும், அதன் நீளமும் அகலமும் பொறுப்பாளர் பெயரும் அதில் இருக்க வேண்டும். தூர்வாரும் மண்ணைக் கரையில் போடக் கூடாது என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், எடுத்துக்கொள்ள விவசாயிகள் வண்டியோடு காத்திருக்கிறோம். தடுப்பணை ஷட்டரைப் பழுது பார்த்து, மழை எச்சரிக்கை வந்ததும் யார் உயர்த்துவார், அவர் இல்லையென்றால் யார் உயர்த்துவார் என்று அணைப் பக்கத்திலேயே பலகை வையுங்கள். கூடுதல் தண்ணீர் திறக்கும் முன்பு கடைவரம்பின் நிலையோடு தாழ்ந்த பத்துகளின் நிலையையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று துறையும் சேர்ந்து ஒரே நாளில் வந்து ஓடையைக் கலுங்கு முதல் ஆறு வரை நடந்து பார்க்க வேண்டும். தனித்தனியாக வந்தால் மறுபடியும் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். கோடையில் காய்ந்த பிறகு வர வேண்டாம், ஜூன் மாதம் மழை பெய்யும்போது வாருங்கள், குழாய் போதுமா இல்லையா என்பதை அங்கேயே நின்று முடிவு செய்யலாம். மேலூரிலிருந்தும் கீழூரிலிருந்தும் நாங்கள் வருவோம். புலப்படத்தின் நகல், மனுவின் நகல், மூழ்கிய வயலின் படங்கள் எல்லாம் கொண்டுவருகிறேன். வரும் தேதியை அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
பழையாற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஒரு விவசாயி,
கன்னியாகுமரி மாவட்டம்